வலது பக்க அதிர்வு

சாலமன் ஆறு வருடம் குஸ்தி ஆடினான், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கன்ட்ரோலரைக் கையில் பிடித்து ஆடிய குஸ்தி அது. ஜெயிப்பதற்காகவும் ஆடவில்லை. ஆட்டத்தில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடி எழுதிக் கொடுப்பதுதான் அவன் வேலை. என் வேலையும் அதுவே. அவனுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

ஈஜிபுராவில் எங்கள் வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். கீழே டைல்ஸ் கடை, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு குஸ்தி கேம் விற்பனைக்கு விடும். விற்பதற்கு முன் ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைச் சோதிக்க எங்களிடம் அனுப்புவார்கள். முழம் நீளத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் அதற்கு உண்டு. ஆபீசில் யாரும் அதைச் சொன்னதில்லை. குஸ்தி 2003, குஸ்தி 2004 என்போம், அவ்வளவுதான். மாறுவது அட்டைப்படமும் நம்பரும். மற்றபடி பழைய கள்ளு, புது மொந்தை.

ஓட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. கீழே விழுந்தவன் முகத்தின்மேல் ரெஃப்ரி ஏறி நின்றுகொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். ஏணியைத் தூக்கி வீசினால் அது அந்தரத்திலேயே நிற்கும். மொட்டை போட்டுக்கொண்டு வருகிற வீரனின் பழைய தலைமுடி மட்டும் அவனுக்கு இரண்டடி பின்னால் தனியாக நடந்து வரும். பார்வையாளர் கூட்டத்தில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவரே நானூறு இடத்தில் உட்கார்ந்திருப்பார், எல்லாரும் ஒரே சமயத்தில் கை தட்டுவார்கள். இதையெல்லாம் முதல் மாதம் பார்த்துச் சிரிப்போம். மூன்றாவது மாதம் சிரிப்பு வராது. இரண்டாவது வருடம் கண்ணிலேயே படாது.

சாலமன் 2002-இல் வந்து சேர்ந்தான். ஊர் தங்கவயல். அவன் அப்பா சாமுவேல் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் அடியில் இறங்கி வேலை பார்த்தவர். முந்தைய வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இவன் ஒருவன் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். அங்கே இவனுக்கு வேறு வேலையும் கிடையாது. விடிவதற்குள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துக் கண்டோன்மென்டில் இறங்கி, பஸ் மாறி ஒன்பதரைக்கு நாற்காலியில் இருப்பான். என்னைவிட நாலு வயது சின்னவன். முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டான், நானும் டா போட்டேன்.

வந்த புதிதில் பையனுக்கு அப்படி ஒரு வேகம். இருவர் இருவராக மோதும் ஆட்டத்தில், அடிபட்டவன் ஊர்ந்து வந்து கையை நீட்டினால் ஓரத்தில் நிற்கும் கூட்டாளி அந்தக் கையைத் தொட வேண்டும். தொடமாட்டான், வேறெங்கோ வேடிக்கை பார்ப்பான். இதைச் சாலமன் கண்டுபிடித்து நாலு பக்கம் எழுதி அனுப்பினான். எத்தனை முறை ஆடினால் எத்தனை முறை இப்படி ஆகிறது என்று பட்டியல் வேறு. எட்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. தெரிந்த தப்பு, சரி செய்யப் போவதில்லை.

அடுத்த வருடமும் எழுதினான். அதே வரி வந்தது. அதற்கடுத்த வருடம் கம்பெனிக்காரனே ஒரு பட்டியல் அனுப்பிவிட்டான். முன்னூற்றுச் சொச்சம் தெரிந்த தப்புகள், இவற்றைப் பற்றி எங்களுக்கு எழுத வேண்டாம் என்று. எங்கள் டீம் லீடர் சிவசங்கரன் சார் அதைச் சுவரில் ஒட்டினார். சோதனைத் தாளில் அந்த வரிசைகளுக்கு என்ன போடுவது என்று சாலமன் கேட்டான். ஃபெயில் போட்டால் தாள் சிவப்பாகிவிடும், சிவப்பைப் பார்த்தால் அமெரிக்காவிலிருந்து போன் வரும்.

"பாஸ்னே போடுப்பா. தெரிஞ்ச தப்பு தப்பே இல்ல" என்றார் சார்.

அது எங்கள் ஆபீஸ் பழமொழி ஆகிவிட்டது. காபி மெஷின் ஓடவில்லையா, தெரிஞ்ச தப்பு. இன்க்ரிமென்ட் வரவில்லையா, தெரிஞ்ச தப்பு. சாலமனும் சொன்னான். அந்த வருடத்திலிருந்து அவன் நாலு பக்கம் எழுதுவதை விட்டான். பேச்சும் குறைந்தது. தங்கை கல்யாணம் நின்றுபோனதைக்கூட "ஆவட்டும் விடுக்கா" என்றுதான் சொன்னான். அவனுக்கே கல்யாணம் ஆனபோதும் அதே குரலில்தான் பத்திரிகை கொடுத்தான். மனைவி பெயர் மோனிகா, அதே ஊர்ப் பெண்.

2005 ஜூலையில் ஒரு நாள், சாலமன் சோதனைத் தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தான். தாளின் ஓரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. பேனா மை என்று நினைத்தேன்.

"டேய், விரல்ல பின் ஏறியிருக்குடா!"

குனிந்து பார்த்தான். வலது கட்டைவிரலில் பின் முழுசாக இறங்கியிருந்தது. புதுச் சட்டையிலிருந்து குண்டூசியை உருவுகிற மாதிரி உருவிப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

டீ குடிக்கிற இடத்துக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். ஆறு மாதமாக இப்படித்தானாம். கட்டைவிரல், அதற்கடுத்த இரண்டு விரல், மூன்றும் மரத்துக் கிடக்கின்றன. சட்டைப் பொத்தானை மோனிகாதான் போட்டுவிடுகிறாள். ஒரே பொத்தானை நாளைக்கு ஆறாயிரம் முறை அழுத்தினால் கை வேறு என்ன ஆகும்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா இன்னா சொல்லுவாங்க? வேலைய வுடுன்னுவாங்க. மார்ச்சுல கான்ட்ராக்ட் ரின்யூவல் கீதுக்கா. மோனிகாவுக்கு மாசம் வேற. யார்கிட்டயும் சொல்லிடாத."

"கை போயிடுமேடா."

"தெரிஞ்ச தப்புதானே" என்றான். சிரிக்கக்கூட இல்லை.

விரல் மரத்ததன் ஆபத்து என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தில் அடி விழும்போது கன்ட்ரோலர் கைக்குள் அதிரும். இடது பக்கம் கனமான அதிர்வு. வலது பக்கம் மெல்லியது, ஈ சிறகடிக்கிற அளவுதான். இந்த அதிர்வு சரியான நேரத்தில் வருகிறதா, சரியான நேரத்தில் நிற்கிறதா என்று சோதிக்க ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் நாற்பது வரிசைகள் இருந்தன. கண்ணால் பார்த்து எழுத முடியாது, காதால் கேட்டும் எழுத முடியாது. கைதான் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆட்டக்காரனுக்கான நாற்பதும் சாலமன் பொறுப்பில் இருந்தன. கை மரத்தவன் என்று தெரிந்தால் மார்ச்சு வரைக்கும்கூட அவனை வைத்திருக்கமாட்டார்கள்.

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கன்ட்ரோலரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் வலது பக்க அதிர்வு இடது கைக்கு வரும். இடது கைக்கு அப்போது உணர்ச்சி இருந்தது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எதிராளியைத் தூக்கிப் போட முடியாது என்பதால், அடித்துவிட்டுச் சட்டென்று திருப்புவான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கரண்டியைத் திருப்பித் திருப்பித் தோசை சுடுகிறவன் மாதிரி இருக்கும். அதற்குள் அதிர்வு நின்றுவிட்டால் என்னைப் பார்ப்பான். நான் அவன் கன்ட்ரோலரை வாங்கி அந்த வரிசையை ஆடிப் பார்த்துச் சொல்வேன்.

எங்கள் முறைப்படி ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஆடியவர் ஒன்று, பக்கத்து நாற்காலிக்காரர் ஒன்று. பக்கத்து நாற்காலிக்காரர் தானும் ஒருமுறை ஆடிப் பார்த்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஆறு மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டே ஐம்பது கையெழுத்தை ஒரே மூச்சில் போடுவோம் என்பது வழக்கம். அவனுடைய நாற்பதை மட்டும் நான் வழக்கத்தில் விடவில்லை. 2005-லும் 2006-லும் நாற்பதையும் நானே ஆடிப் பார்த்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

2007-இல் அந்தப் பெருமையை நானே கெடுத்துக்கொண்டேன். முதல் மாதம் நாற்பதும் ஆடினேன். அடுத்த மாதம் இருபது. செப்டம்பரில் கடைசி வாரம் வந்தது. கம்பெனிக்காரன் தினம் ஒரு புது டிஸ்க் அனுப்பினான், ஒவ்வொரு டிஸ்குக்கும் தாள் முழுவதையும் மறுபடி நிரப்ப வேண்டும். கடைசி டிஸ்க் வந்த நாள், சாலமன் நாற்பது வரிசையிலும் பாஸ் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினான். அவன் கன்ட்ரோலரைத் திருப்பியதை அன்று நான் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து வருடமாக நாற்பதும் சரியாகத்தானே இருந்தன என்று நாற்பதிலும் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் கேம் கடைக்குப் போனது. இரண்டு வாரத்தில் புகார் வந்தது. ரெஃப்ரி மூன்று எண்ணி ஆட்டம் முடிந்த பிறகும் இரண்டாம் ஆட்டக்காரனின் கன்ட்ரோலரில் வலது பக்க அதிர்வு நிற்பதில்லை. கேம் பெட்டியை அணைத்தால்தான் நிற்கும். ஒரு மணி நேரம் விளையாடினால் கை மரத்துப் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைச் சிவசங்கரன் சார் உரக்கப் படித்தபோது நான் சாலமனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

தாளை மேசைமேல் வைத்தார். முப்பத்தேழாவது வரிசை. பாஸ். சாலமன் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து.

"சரளா, நீங்க ஆடிப் பார்த்தீங்களா?"

வாய் வரைக்கும் வந்த பதிலை நான் விழுங்குவதற்குள் சாலமன் பேசிவிட்டான். "அக்கா என் முன்னாலதான் சார் ஆடினாங்க. அப்போ நின்னுச்சு. அதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க எதையோ மாத்தியிருப்பாங்க."

பச்சைப் பொய். நான் மறுக்கவில்லை. அந்தப் பொய்யால்தான் என் வேலை தப்பியது. பின்வரிசையிலிருந்து முகேஷ் குரல் கொடுத்தான். "சார், இவன் கன்ட்ரோலரைத் தலைகீழா பிடிச்சு ஆடுவான் சார், நாங்க எவ்ளோ வாட்டி பார்த்திருக்கோம்." எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"கை சரியா இருக்கா, சாலமன்?"

"நல்லா இருக்கு சார்."

"அப்போ ஒரு டாக்டர் லெட்டர் கொண்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள. க்ளையன்ட்டுக்கு நான் ஏதாவது காட்டணும்ப்பா. லெட்டர் இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

விவேக் நகரில் டாக்டர் பவுலின் என்று ஒருவர், என் அம்மாவுக்குச் சர்க்கரை பார்ப்பவர். அவரிடம் நானே கூட்டிப் போனேன். வியாழக்கிழமை, குழந்தை இயேசு கோயிலுக்கு வந்த கூட்டம் தெரு முழுக்க மெழுகுவர்த்தியோடு நின்றது. அதைப் பிளந்துகொண்டு கிளினிக்குக்குள் போக அரை மணி ஆயிற்று. குழந்தை இப்போது பேசுகிறதா என்று கேட்டேன். பேசுகிறது என்றான்.

டாக்டரிடம் அவன் சொன்னது இவ்வளவுதான். கம்பெனியில் ஃபிட்னஸ் லெட்டர் கேட்கிறார்கள், கையில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் அவன் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தார்.

"கண்ண மூடிக்கங்க. ஒரு ஊசியால லேசா தொடறேன். குத்துதா இல்லையான்னு சொல்லுங்க."

சாலமன் கண்ணை மூடினான். டாக்டர் கட்டைவிரலில் குத்தினார்.

"குத்துது" என்றான்.

ஆள்காட்டி விரலில் குத்தினார். "குத்துது." நடுவிரலில். "குத்துது." ஊசியின் சின்ன டப்பியில் அவர் விரல் தட்டும் சத்தத்தை வைத்தா, மூச்சை எண்ணியா, எப்படிக் கண்டுபிடித்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேரம் பிசகாமல் சொன்னான். டாக்டருக்குத் திருப்தி. ஊசியைக் கீழே வைத்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பி, "லெட்டர்ஹெட் எடும்மா" என்றார்.

"குத்துது" என்றான் சாலமன்.

அவன் கையை யாரும் தொடவில்லை. மேசைமேல் தனியாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை சொன்னான். "குத்துது." தாளில் பாஸ் போடும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்வானே, அதே குரல். டாக்டர் காதில் விழவில்லை, நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தார். லெட்டர்ஹெட் வந்தது. பேனாவைத் திறந்து தேதி போட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். அவனுக்கு வேலை, எனக்கு வேலை, சாருக்கு லெட்டர். அவன் எனக்காகப் பொய் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஆனால் அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவன்மேல் பாதி, என்மேல் பாதி. இந்தக் கைக்கு நான் இரண்டரை வருடமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

"டாக்டர், நீங்க குத்தவே இல்ல. அவன் குத்துதுன்றான்."

சாலமன் கண்ணைத் திறந்தான். "அக்கா, சும்மா இரு."

"அவனுக்கு அந்த விரல்ல ஒண்ணுமே தெரியாது டாக்டர். நல்லா பாருங்க."

டாக்டர் பேனாவை மூடினார். அவன் கண்ணின்மேல் ஒரு துண்டைப் போட்டார். டப்பியைத் தூர வைத்துவிட்டு, சிலமுறை குத்தினார், சிலமுறை சும்மா இருந்தார். சாலமன் ஒன்றுமே சொல்லவில்லை. பிடிவாதமாக வாயை இறுக்கிக்கொண்டான். கட்டைவிரலில் மூன்று சிவப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் டாக்டர் விரலின் அடியில் உள்ளங்கை மேட்டை அமுக்கிப் பார்த்தார். மேடே இல்லை, அங்கே குழி விழுந்திருந்தது.

"சதையே கரைஞ்சு போயிருக்கே. எவ்ளோ நாளா இப்படி?"

"மூணு வருஷம் ஆகப்போவுது" என்றேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு? மனைவியா?"

"பக்கத்து சீட்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்னும் தாமதித்தால் கை எதற்கும் உதவாது, மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். வெளியே வந்ததும் சாலமன் அந்தக் காகிதத்தை நாலாக மடித்தான். ஆறு வருடத்தில் அவன் முகத்தில் நான் கோபத்தைப் பார்த்தது அன்றுதான்.

"உன் வேலைய நான் காப்பாத்துனேன். என் வேலைய நீ எடுத்துட்ட. இன்னாக்கா இது?"

"உன் கைடா..."

"என் கைய யாரு கேட்டா? எங்கப்பாவுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் கீது. வூட்டுல உக்காந்துனு கீறாரு."

கூட்டத்துக்குள் புகுந்து பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவன் கொடுத்த லெட்டரைப் படித்துவிட்டு, சார் ரொம்ப வருத்தமாக, கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வலது பக்க அதிர்வு, தெரிந்த தப்புகள் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது. அடுத்த ஜூனில் குஸ்தி 2009 வந்தபோது அந்த நாற்பது வரிசைகளை எனக்குக் கொடுத்தார்கள். முப்பத்தேழுக்கு பாஸ் போட்டுவிடலாம் என்று சார் சொன்னார். நான் ஃபெயில் போட்டேன். அமெரிக்காவிலிருந்து போன் வந்தது, சார் என்னைத் திட்டினார், நான் மறுபடி ஃபெயில் போட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சாலமனுக்கு ஜனவரியில் ஆபரேஷன் ஆனதாக மோனிகா சொல்லித் தெரியும். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்கிறானாம். மூன்று முறை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. என்மேல் அவனுக்கு இருந்த கோபம் நியாயமானது என்றுதான் நினைத்தேன். என்னிடம் கேட்டால் நான் செய்ததும் நியாயம்தான். இரண்டும் எப்படி நியாயமாக இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் மதியம், டீ இடைவேளையில் என் போன் அடித்தது. தங்கவயல் நம்பர்.

"அக்கா." பின்னால் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுறேன். செக்கப்புக்கு வந்தேன். டாக்டரு ஊசியால குத்துனாரு."

"ம்."

"குத்துச்சுக்கா. கட்டைவிரல்ல."

"நிஜமாடா?"

"வலிச்சுது" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. போனை வைத்துவிட்டான்.

இவன் எல்லாவற்றுக்கும் பாஸ் போடுகிறவனாயிற்றே, நம்பலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நம்பினேன். பொய் சொல்லும்போது சாலமன் குரல் ஒருநாளும் நடுங்கியதில்லை.